சிப்புக்குப் பதில் செம்புக்கம்பி

“நான் ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை குறைக்கல. தம்பி சொன்னதை அப்படியே அம்மாட்ட சொன்னேன். இதுல என் தப்பு என்ன மேடம்?”

கேட்டவர் சுடலைமணி.

செல்போன் டவரில் இருக்கும் மின்சுற்றுக் கார்டுகளைப் பழுதுபார்க்கும் பட்டறை அது, தூத்துக்குடியில். நாற்பத்தெட்டு வயதில் தொழில் கற்க வந்தவர் சுடலைமணி. கற்றுக்கொடுக்கும் செலஸ்டினாவுக்கு முப்பத்திரண்டு.

“தம்பி என்ன சொன்னாரு?”

“‘எனக்கு அம்மாவே கிடையாது’ன்னான். அவன் கல்யாணத்துக்கு அம்மா போகல. ஆறு வருசக் கோவம். அதைக் கேட்டதுல இருந்து அம்மா பச்சத்தண்ணி தொடல. நாளன்னைக்கு ஆபரேசன். தெம்பு இல்லாட்டி கத்தி வைக்க மாட்டேன்னுட்டாரு டாக்டர்.”

செலஸ்டினா மேசையில் கிடந்த கார்டிலிருந்து கருகிய சிப்பைக் கழற்றினாள். ஒரு துண்டு செம்புக்கம்பியை நீட்டினாள்.

“சிப்புக்குப் பதிலா இதை வைங்க அண்ணாச்சி.”

“ஐயையோ! கம்பி எல்லாத்தையும் விட்டுருமே. அம்புட்டு இரைச்சலுக்கு நடுவுல போன்ல பேசுத குரல் இத்துனூண்டுதான் வரும். டவருக்கு ஒண்ணும் விளங்காது.”

“கம்பி எதையும் கூட்டாது, குறைக்காது.”

சுடலைமணி கம்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்தாள். “அப்ப இது?”

“எதுவுமே போகாது. ஊரே ஊமையாயிரும்.”

அவளே புதிய சிப்பை வைத்துப் பற்றவைத்தாள். “இது?”

“குறைகடத்தி மேடம். வேண்டாததை நிறுத்தும். வேணுங்கிறது எவ்வளவு மெல்லிசா வந்தாலும் பிடிச்சு, பெருசாக்கி…”

பாதியில் அவர் குரல் இறங்கிவிட்டது.

“தம்பிக்கு ஒரு போன் போடுங்க,” என்றாள் செலஸ்டினா.

போட்டார். தம்பி கத்தினான். பழைய கதையெல்லாம் இழுத்துத் திட்டினான். அம்மாவையும் விடவில்லை, அண்ணனையும் விடவில்லை. சுடலைமணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் மூச்சு வாங்கியபடி ஒன்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கஞ்சி ஆறிக் கிடந்தது.

“பேசுனானா?” திரும்பாமலே கேட்டாள்.

“பேசுனான்.”

“என்ன சொன்னான்?”

சுடலைமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“‘ஆபரேசனுக்கு அம்மா பயப்படுதாளா’ன்னு கேட்டான்.”

“வேற?”

“அவ்வளவுதாம்மா.”

அம்மாவின் தோள் குலுங்கியது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு என்னல பயம்? அவன்ட்ட சொல்லு. அந்தக் கஞ்சிய எடு.”