காற்றைப் பரிமாறிய மந்திரி

ஒரு காலத்தில் முத்தலைக்கோட்டை நாட்டை நெடுமுடிராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் மனசில் ஒரு விபரீத ஆசை முளைத்துவிட்டால் நாட்டையே புரட்டிப் போட்டுவிடுவான். அவனுடைய மந்திரி ஆதிமூலத்தார். அவரைக் கண்டாலே சேனாதிபதி வீரகண்டருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் சபையில் வீரகண்டர் எழுந்தார். "மகாராஜா! முடியாதது ஒன்றுமில்லை என்கிறாரே மந்திரி, காற்றைத் தட்டில் வைத்துப் பரிமாறட்டுமே!"

"பலே!" என்று தொடையைத் தட்டினான் ராஜா. "நாளை உச்சிப்பொழுதுக்குள் நான் காற்றைக் கடித்துத் தின்ன வேண்டும். இல்லையேல், மந்திரி, உமது முத்திரை மோதிரம் வீரகண்டருக்கு!"

"உத்தரவு," என்றார் ஆதிமூலத்தார். வீரகண்டர் கையில் முத்திரை போனால் அக்கம்பக்கத்து நாடுகளோடெல்லாம் போர்தான். விடக்கூடாது.

விடிந்ததும் மடைப்பள்ளிக்குப் போனார். சமையற்காரி செங்கமலத்தை வைத்துக்கொண்டு, கோதுமை மாவில் நுரைக்கும் கள்ளை ஊற்றிப் பிசைந்து, ஈரத்துணியால் மூடினார். கள் பொங்கினால் மாவும் ஊதும் என்பது அவர் எண்ணம். வெயில் ஏறி மாவு ஊதிவந்த நேரத்தில், இருவரும் அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், துணியில் ஆவி பறந்தது!

"ஐயையோ, யாரோ வெந்நீரைக் கொட்டிட்டாங்க!" என்று அலறினாள் செங்கமலம். "கள்ளோட உயிரே வெந்து போச்சுங்க. இனி பொங்காது." வாசலில் சேனாதிபதியின் ஆள் ஓடுவது தெரிந்தது.

"புதிதாகப் பிசைந்தால்?"

"பொங்கி வரச் சாயங்காலம் ஆயிடும் ஐயா."

ஆதிமூலத்தார் பல்லைக் கடித்துக்கொண்டார். "அவசர ஆப்பத்துக்கு என்னம்மா போடுவாய்?"

"சோடா உப்புங்க. புளிச்ச மோர் பட்டதும் நுரைக்கும். ஆனா அந்த நுரை நிக்காது. கலந்த கையோட அடுப்பில் வைக்கணும்."

"அப்படியானால் ராஜா இங்கே வரட்டும்!"

காற்றைப் பிடித்துக் காட்டுவதாகச் சேதி போனதும், ராஜா சபையோரோடு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். ஆதிமூலத்தார் ஒரே மாவை இரண்டாகப் பிரித்தார். ஒன்றை வெறும் தண்ணீரில் பிசைந்தார். மற்றதில் சோடா உப்பும் மோரும் சேர்த்ததும் அது 'சுர்ர்' என்றது.

ராஜா காதைக் கொண்டுபோனான். "என்னய்யா, மாவு பேசுகிறது?"

"காற்று பிறக்கிற சத்தம், மகாராஜா. தாமதித்தால் தப்பிவிடும்!" என்று இரண்டையும் அடுப்புக்குள் தள்ளி மூடினார்.

திறந்தபோது ஒன்று தலையணைபோல் உப்பியிருந்தது. மற்றது ஓட்டுச்சில்லாகக் கிடந்தது. உப்பியதைப் பிட்டார். உள்ளே கண் கண்ணாகத் துளைகள்.

"சூடு பட்டதும் காற்று விரிந்தது. சுற்றிலும் மாவு வெந்து இறுகி, அதை அப்படியே பிடித்துக்கொண்டது. சாப்பிடுங்கள்."

ராஜா கடித்தான். கண்ணை மூடினான்.

"மோசடி!" என்று கத்தினார் வீரகண்டர். "இது வெறும் ரொட்டி! காற்று எங்கே?"

"காற்றில்லாத ரொட்டி இதோ, சேனாதிபதி. அதே மாவு, அதே அடுப்பு. கடியுங்கள்."

கடக்! வீரகண்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "அதில் இல்லாததைத்தான் நான் தின்றேன்! முத்திரை உம்மிடமே இருக்கட்டும், மந்திரி." வெந்நீர்க் கதையைச் செங்கமலம் சொன்னதும் அவன் முகம் சிவந்தது. "வீரகண்டரே, அந்த ரொட்டி தீரும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது!"

சபை கலைந்தது. எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். மடைப்பள்ளியில் மட்டும் 'கடக், கடக்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது.