ஆகாயத்தாமரைக்கு ஏற்ற தூண்டில்

ஓடைக்குறிச்சியில் சோணை, தவசி, மொக்கையன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். கடவுள் மூளையைப் பங்கு வைத்தபோது இவர்களும் வரிசையில் நின்றிருப்பார்கள். முறை வந்ததும், "பின்னாடி நிக்கிறவங்களுக்கு முதல்ல குடுங்க சாமி" என்று ஒதுங்கியிருப்பார்கள். அவ்வளவு நல்ல பிள்ளைகள். யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

இவர்களுக்கு ஒரே தங்கச்சி, பஞ்சவர்ணம். அந்த வீட்டுக்கு வந்த மூளை முழுவதும் அவளிடம்தான் இருந்தது. அவளுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை போட்டோவை அவள் சாமி படத்துக்குக் கீழே வைத்து, விளக்கேற்றும்போது சாமியை ஒரு தரமும் போட்டோவை மூன்று தரமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா உக்கிரபாண்டி, பெரிய மீசைக்காரர். போனில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வர்றேன். உங்க கண்மாய் விரால்னா எனக்கு உசுரு. வலை போட்டுச் சேத்துல புரண்ட மீன் வேண்டாம். தூண்டில்ல பிடிச்ச விராலா இருந்தா உங்க வீட்ல கை நனைக்கிறேன்."

நம்ம பக்கம் பெண் வீட்டில் கை நனைத்துச் சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. சாப்பிடாமல் எழுந்து போனால், போனதுதான்.

"அண்ணே, ஒரே ஒரு விரால்" என்றாள் பஞ்சவர்ணம். "அதைக் கொண்டாந்துட்டா மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் டவுனில் தூண்டில் கடைக்குப் போனார்கள்.

"எந்த இடத்துல போடப்போறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எங்க கண்மாயில. தண்ணியே தெரியாது. முழுக்க ஆகாயத்தாமரை."

"அதுக்குள்ள விரால் பிடிக்க லேசான கம்பு ஆகாது. மீன் செடியைச் சுத்திக்கிட்டா கம்பு முறிஞ்சிரும். எவ்வளவு அடர்த்தி?"

சோணை யோசித்தான். "எங்க பஞ்சவர்ணம் கூந்தலைவிட அடர்த்தி. ஆனா எண்ணெய் வைக்கலை."

"அடர்த்தி தெரியாம நான் எப்படிப்பா கம்பு குடுக்கிறது?" என்றார் அவர், பாவம், பேச்சுக்கு.

அண்ணன் தம்பிகள் வெளியே வந்து கூடிப் பேசினார்கள்.

"ரவிக்கைத் துணி எடுக்கப் போனா பஞ்சவர்ணம் சேலையைக் கொண்டுபோறால்ல? அதே மாதிரிதான்" என்றான் தவசி. "ஒரு செடியைக் கொண்டாந்து காட்டுவோம்."

"ஒரு செடியில அடர்த்தி எங்கடா இருக்கு?" என்றான் சோணை. "எல்லாத்தையும் கொண்டாந்தாத்தான் அடர்த்தி."

இவ்வளவு பெரிய அறிவு அண்ணனுக்கு எங்கிருந்து வந்தது என்று தம்பிகள் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

பஞ்சாயத்தில் ஏழு வருஷமாக எடுக்க முடியாத ஆகாயத்தாமரையை மூன்று பேரும் ஒரே நாளில் அள்ளி முடித்தார்கள். லோடு ஆட்டோ பதினாலு நடை அடித்தது. சனிக்கிழமை சாயங்காலம் கடைக்காரர் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் கடையைக் காணவில்லை. செடிக்குள் இருந்து சோணையின் குரல் மட்டும் வந்தது.

"அண்ணாச்சி, வாங்க. இதுதான் அடர்த்தி."

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அதற்குள் மொக்கையன் செடிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

"நான்தான் விரால். இழுத்துப் பாருங்க."

முதல் கம்பை அவன் இடுப்புக் கயிற்றில் மாட்டி இழுத்தார்கள். முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. மூன்றாவது கம்பு முறியவில்லை. கயிறுதான் அறுந்தது. அதை முடிச்சுப் போட்டுக்கொண்டான். நாலாவது, மணிக்கட்டுத் தடிமன் இருந்த முரட்டுக் கம்பு. ஒரே இழுப்பில் மொக்கையன் செடியோடு வாசலுக்கு வந்து விழுந்தான்.

சோணை அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். "டேய், தம்பியாச் சொல்லாத. மீனாச் சொல்லு. கம்பு எப்படி?"

"மீனாச் சொல்றேன். எனக்குப் பிடிக்கவே இல்லை."

"அப்ப இதுதான் நல்ல கம்பு அண்ணாச்சி. இதையே குடுங்க."

அந்த நேரம் பார்த்து, மொக்கையனோடு வந்த செடிக்குள் ஏதோ துள்ளியது. பார்த்தால் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால்! ஈரச் செடிக்குள்ளேயே உயிரோடு வந்திருக்கிறது.

கடைக்காரர் கும்பிட்டார். "ஐயா, மீன் கிடைச்சிருச்சு. எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க. கம்பு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"ஏமாத்தச் சொல்றீங்களா அண்ணாச்சி?" என்றான் சோணை வருத்தமாக. "இது லோடு ஆட்டோவுல வந்த மீன். சம்பந்தி கேட்டது தூண்டில்ல வந்த மீன்."

மீனைத் தண்ணீர் வாளியில் போட்டுக்கொண்டார்கள். கடைக்காரர் கம்பைக் கொடுத்து, இவர்கள் திரும்ப வரக்கூடாதே என்ற பயத்தில் ஒன்றுவிடாமல் சொல்லி அனுப்பினார். "கடிச்சா யோசிக்காதீங்க. ஓங்கி ஒரே இழுப்பு. மாட்டுனது எதுவா இருந்தாலும், குழம்புச் சட்டி வரைக்கும் நூலைத் தளர விடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஞ்சவர்ணத்தையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போனார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. கரையோரமே விரால்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"அண்ணே, போடுங்கண்ணே தூண்டிலை!" என்று குதித்தாள் பஞ்சவர்ணம்.

"எப்படிம்மா போடுறது?" என்றான் சோணை. "இது அடர்த்திக்கு வாங்கின கம்பு. இங்க அடர்த்தி எங்க இருக்கு?"

"டவுன்ல இருக்கு" என்றான் தவசி.

பஞ்சவர்ணம் கத்தினாள், அழுதாள், கடைசியில், "முருகா, நீயே பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு மசாலா அரைக்கப் போய்விட்டாள். லோடு ஆட்டோ திரும்பப் பதினாலு நடை அடித்தது. பத்து மணிக்குள் கண்மாய் பழையபடி பச்சையாகிவிட்டது. வாளியில் இருந்த விராலையும், "போய்ட்டு, முறையா வா" என்று சொல்லித் தண்ணீரில் விட்டார்கள்.

பிறகு தவளையை மாட்டித் தூண்டிலைப் போட்டு, மூன்று பேரும் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் உக்கிரபாண்டி காரை நிறுத்திவிட்டு, மீன் பிடிக்கிற அழகைப் பார்க்கலாம் என்று சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றார்.

நூல் அசைந்தது. "யோசிக்காதே!" என்றான் சோணை. அது அவர்களுக்குக் கஷ்டமில்லை. ஓங்கி ஒரே இழுப்பு! தவளை மட்டும் தப்பித்தது. தூண்டில் முள் தலைக்கு மேலே பறந்து, உக்கிரபாண்டி கழுத்தில் முடிச்சுப் போட்டிருந்த துண்டில் மாட்டியது.

"மாட்டிருச்சு! விடாதே!"

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கம்போடு கண்மாய்க்குள்ளேயே ஓடினார்கள். பின்னாலேயே அவரும் கரையிலிருந்து உருண்டு, ஆகாயத்தாமரைக்குள் தொபுக்கென்று விழுந்தார். மூன்று பேரும் சுற்றி வந்து கரையேறி இழுத்தார்கள். நல்ல கம்பு. முறியவே இல்லை. செடிக்குள்ளிருந்து முதலில் மீசை தெரிந்தது.

தவசிக்கு முகம் விழுந்துவிட்டது. "மீசை இருக்குண்ணே. விராலுக்கு ஏது மீசை? இது கெளுத்தி."

"அப்ப இறக்கி விட்டுரு. அவர் விரால்தான் கேட்டார்."

"டேய்!" என்றது கெளுத்தி.

சத்தம் கேட்டு ஓடி வந்த பஞ்சவர்ணத்துக்கு உயிரே போய்விட்டது. சம்பந்தி சேறும் செடியுமாக நடுங்கிக்கொண்டு நிற்கிறார். "இந்த வீட்ல மனுசன் பொண்ணு எடுப்பானா!" என்று காரைப் பார்த்துத் திரும்பினார். அப்போது அவர் சட்டைக்குள் என்னவோ துள்ளியது. பஞ்சவர்ணம் யோசிக்கவில்லை. சட்டைக்குள் கையை விட்டு வெளியே இழுத்தாள். முழங்கை நீள விரால்.

"மாமா, கோபத்தைக் குழம்புக்கு அப்புறம் வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு ஒரே ஓட்டமாக அடுப்படிக்குப் போனாள்.

குழம்பு வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. உக்கிரபாண்டி சோணையின் வேட்டியைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். இலை போட்டார்கள். முதல் வாய்க்கு மீசை இறங்கியது. இரண்டாவது வாய்க்குக் கண் மூடியது. மூன்றாவது தரம் சோறு கேட்டபோது, "தூண்டில்ல பிடிச்சதுதானே?" என்றார்.

"தூண்டில்ல நீங்க மாட்டுனீங்க, உங்ககிட்ட அது மாட்டுச்சு மாமா" என்றாள் பஞ்சவர்ணம்.

அவர் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. "நல்ல நாள் பாரும்மா. நீதான் எங்க வீட்டு மருமக."

பஞ்சவர்ணம் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். இந்த முறை சாமியை மூன்று தரம் பார்த்தாள்.

உக்கிரபாண்டி கை கழுவ எழுந்தார். கழுத்துத் துண்டு எழ விடவில்லை. முள் இன்னும் அதிலேயே இருந்தது. நூல் ஜன்னல் வழியாக வாசலுக்குப் போயிருந்தது. வாசலில் மூன்று பேரும் தளர விடாமல் கம்பைப் பிடித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

சோணை ஜன்னலில் தலையை நீட்டிப் பணிவாகக் கேட்டான்:

"மாமா, சாப்பிட்டாச்சா? வாங்க, உங்களைக் கண்மாயில விட்டுட்டு வந்துடறோம். நாங்க இன்னும் விரால் பிடிக்கலை."