தராசில் முதல் மரியாதை

செம்பாறைச் சமஸ்தானத்துத் திவான் வேங்கடராயர் ஓர் உத்தரவு போட்டார். கோட்டை ஊழியர் அனைவரும் அடுத்த பௌர்ணமிக்குள் ஐந்து மணங்கு எடைக்கு இறங்க வேண்டும். தவறினால் வேலை போய்விடும். ஏன் ஐந்து என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

ராஜா முன்னிலையில் தராசு கட்டினார்கள். ஏழு மணங்கு கனத்த காவல்காரன் வீரணனைப் பார்த்து, “முதலில் நீ ஏறடா, பானைவயிறா!” என்றார் திவான்.

“முதல் மரியாதையை எனக்குக் கொடுத்தால் ஊர் என்ன பேசும், எசமான்?”

மரியாதை என்றதும் திவான் தட்டில் ஏறிவிட்டார். பத்து மணங்கு வைத்த பிறகே தட்டு அசைந்தது.

“எசமானும் ஊழியர்தானே? பௌர்ணமிக்குள் எவ்வளவு குறைப்பீர்கள்?”

“பட்டினி கிடந்தால்... கால் மணங்கு.”

“எங்களுக்கும் அதையே எழுதச் சொல்லுங்கள், மகாராஜா! ஐந்து மணங்கில் நான் இருந்தபோது எனக்கு மீசையே முளைக்கவில்லை.”

ராஜா சிரித்துக்கொண்டே உத்தரவு ஓலையில் இருந்த ஐந்தை அடித்துவிட்டுக் கால் மணங்கு குறைத்தால் போதும் என்று எழுதினார்.