கைக்குழந்தை பற்றி ஒரு வரி

மலையடிவாரத்தில் ஒரு மௌனக் குடில் இருந்தது. அதன் குரு திலகவதி. சீடர் தணிகாசலம் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தாலுகா அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு எழுதிவிட்டு வந்தவர்.

அன்று காலை தணிகாசலத்துக்கு இருப்பே கொள்ளவில்லை. முந்தின நாள், ஐந்து மாதக் குழந்தையோடு குடிலின் மௌன முகாமுக்கு வந்த ஒரு பெண்ணை அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தார். எல்லாரும் மௌனமாக இருக்கும்போது குழந்தை அழுதால் என்ன செய்வது? ஆனால் குடிலின் இணையதளம் அவளுக்கு இடம் உறுதி என்று சொல்லியிருந்தது. மூன்று பஸ் மாறி வந்தவள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள்.

“அந்த வெப் டெவலப்பர் சரியில்லை அம்மா. வேறொருவரைப் பிடித்திருக்கிறேன். கம்பெனி கிடையாது, தனியாக வேலை எடுத்துச் செய்கிறவர். என்ன வேண்டும் என்று மதியத்துக்குள் எழுதி அனுப்பச் சொல்கிறார்.”

“பழையவருக்கு என்ன எழுதினீர்கள்?”

தணிகாசலம் தாளை நீட்டினார்.

‘முகாமில் கலந்துகொள்ள விரும்பும் அனைவரும் எளிதில் பதிவு செய்ய ஏதுவாக, தக்க வசதிகளுடன், நவீன முறையில் இணையதளம் அமைத்துத் தர வேண்டப்படுகிறது.’

குரு அதை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். தணிகாசலம் பின்னாலேயே ஓடினார்.

“பேச்சியம்மா, இதைப் படித்துவிட்டு உலை வை.”

சமையல்கார பேச்சியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தாள்.

“எத்தன பேருன்னே இல்லையே சாமி. எப்ப வாராங்கன்னும் இல்ல. இத நம்பி அரிசி களைஞ்சா ஒண்ணு ஊருக்கே சோறு மிஞ்சும், இல்ல நீங்க பட்டினி.” தணிகாசலத்தைப் பார்த்துச் சிரித்தாள். “ஆபீசர் கையெழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கு.”

தணிகாசலத்தின் முகம் சுருங்கியது.

“ஆபீசில் இப்படித்தான் அம்மா எழுதுவோம். திட்டமாகச் சொல்லிவிட்டால் நாளைக்கு நம் மேல் கேள்வி வரும்.”

“கேள்வி வரவில்லை. அந்தப் பெண்தான் வந்தாள்.”

தணிகாசலம் உட்கார்ந்து எழுதினார். கிழித்தார். எழுந்து கட்டில்களை எண்ணிவிட்டு வந்து மறுபடி எழுதினார்.

‘பெண்கள் பக்கம் ஏழு கட்டில், ஆண்கள் பக்கம் ஐந்து. ஒரு பக்கம் நிரம்பினால் அந்தப் பக்கத்துப் பதிவு தானாக நிற்க வேண்டும். பெரும்பாலானவர்கள் போனில்தான் பார்ப்பார்கள். கடைசி பஸ் மாலை ஐந்தரைக்கு. அது முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.’

இப்படி ஒரு பக்கம் நிறைய. குரு கடைசி வரி வரை படித்தார்.

“குழந்தை எங்கே?”

“அதை நாம் இன்னும் முடிவு செய்யவில்லையே அம்மா. அதனால் விட்டுவிட்டேன்.”

“போன முறையும் விட்டீர்கள். அப்போது யார் முடிவு செய்தது?”

“டெவலப்பர்,” என்றார் தணிகாசலம் மெல்ல. பிறகு படபடத்தார். “மணி பதினொன்றே முக்கால் அம்மா. தெரியாது என்று எழுதினால் அவர் சிரிக்க மாட்டாரா? நீங்களே சொல்லிவிடுங்கள். சேர்க்கலாமா, கூடாதா?”

தணிகாசலம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“எனக்கும் தெரியவில்லை,” என்றார் குரு. “அதை என் பெயர் போட்டு எழுதுங்கள். பதிவு செய்யும்போது கைக்குழந்தை உண்டு என்று யாராவது குறித்தால், இடம் உறுதி என்று சொல்லாமல் என் போன் நம்பரைக் காட்டச் சொல்லுங்கள்.”