தணிகாசலம் அழித்த பதிப்பு

“பழசை விடுங்க, பழசை விடுங்கன்னு தினமும் சொல்றீங்க. நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மட்டும் ஒரே மென்பொருள் எதுக்கும்மா ரெண்டு இருக்கு?”

கேட்டவர் தணிகாசலம். இருபது வருடம் கணினிக் கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு, ஐம்பது வயதில் ஞானம் தேடி ஆசிரமத்துக்கு வந்தவர். ஆசிரமத்தின் குரு நாச்சியாரம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். குருவையே மடக்கிவிட்டோம் என்ற பூரிப்பு தணிகாசலத்தின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

“ரெண்டும் என்ன செய்யுது?” என்று கேட்டார் அம்மா.

“ரெண்டுமே டைப் அடிக்கத்தான். ஒண்ணு பதினாறு வருஷத்துப் பழசு. இன்னொண்ணு போன வருஷம் நான் போட்டது. பழசு செய்யறதையெல்லாம் புதுசு சுலபமா செய்யும்.”

“யாருக்குச் சுலபம்?”

“எல்லாருக்கும்தான்.”

“அப்ப பழசை எடுத்துடுங்க.”

எடுத்துவிட்டார். தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பற்றை விடுவது இவ்வளவுதானா என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

மறுநாள் காலை பொற்கொடி ஆசிரம ஆபீசுக்கு வேலைக்கு வந்தார்.

பொற்கொடிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையற்ற பிள்ளைகளுக்கான பாடங்களைத் தட்டச்சு செய்வது அவர் வேலை. கணினி வாய்விட்டுப் படிக்கும், அவர் விரல்கள் விசைகளை எண்ணிக்கொண்டே போகும். வரலாற்றுப் பாடத்தின் கடைசிப் பகுதி அன்று பகல் பன்னிரண்டுக்குள் பிரெயில் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். திங்கட்கிழமை பரீட்சை. பன்னிரண்டு பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

வழக்கமான விசையை அழுத்தினார். கணினி வேறு எதையோ சொன்னது.

மறுபடி அழுத்தினார். நேற்று அடித்த நாலு பக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

பொற்கொடி கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“யாரு இதுல கை வச்சது?”

“நான்தான். புதுசு ரொம்ப சுலபம்மா. மேல நீலக் கலர்ல ஒரு படம் இருக்கு பாருங்க...”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் தணிகாசலம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வாசலில் நின்றிருந்த அம்மா உள்ளே வந்தார். திரையை அணைத்தார்.

“இப்ப சொல்லிக் குடுங்க.”

தணிகாசலம் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். அதை அழுத்தினார், இதை அழுத்தினார். கால் மணி நேரம் ஆயிற்று. இருபது வருடம் கணினியோடு குடித்தனம் நடத்தியவரால் ஒரு கோப்பைக்கூடத் திறக்க முடியவில்லை.

“பழசைத் திரும்பப் போட்டுடறேம்மா.”

திரையை மறுபடி இயக்கி, பழைய பதிப்பைத் தேடிப் பிடித்துப் போட்டார். காணாமல் போன நாலு பக்கத்தையும் மீட்டுக் கொடுத்தார். அதற்குள் மணி பதினொன்று. பொற்கொடி அடித்த வேகத்தில் மேசையே ஆடியது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பாடம் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

தணிகாசலத்துக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“புத்தி வந்துடுச்சும்மா. பழசுதான் நமக்குச் சரி. புதுசை எடுத்துடறேன்.”

அம்மா வாய் திறப்பதற்குள் பொற்கொடி திரும்பினார்.

“அதை ஏன் எடுக்கறீங்க? அதுல என்ன இருக்கு?”

“நிறைய இருக்கு. தப்பா அடிச்சா அதுவே சொல்லும். நீங்க வாயால சொன்னாக்கூட எழுதிக்கும்.”

“எப்ப வந்துச்சு?”

“போன வருஷம்.”

“ஒரு வருஷமா இதே பெட்டிக்குள்ள இருக்குதா?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல?”

தணிகாசலம் அம்மாவைப் பார்த்தார்.

“எனக்கும் தோணலையே” என்று அம்மா பொற்கொடியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.