தந்தை பெயர்க் கட்டம்

என் மடியில் பிள்ளை தூங்குகிறாள். கை அவள் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறது. ஊசிக்குக் கூப்பிடும்வரை ஒரு கதை.

இதே தடுப்பூசி மையத்தில் நடந்தது.

வருகிறவர்கள் பெயரை இணையத்தில் ஏற்றும் சீடன் பூவராகன், தன் குருவிடம் ஓடினான். சீடனுக்குத் தலை நரைத்திருந்தது. குரு தில்லைநாயகிக்கு அவன் மகள் வயசு.

"குருவே, ஒரு தாய் வந்து நிக்கிறாங்க. பிள்ளைக்குத் தன் பேரோட முதலெழுத்தைத்தான் இனிஷியலா வைப்பேங்கிறாங்க. தந்தை பெயர்க் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது. பதிவு இல்லேன்னா ஊசி இல்லே."

"நீயே கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளை, அதான் ஸ்கிரிப்ட், எழுதிப் போடலாமே. நாம சொன்னா கம்ப்யூட்டர் கேட்கத்தானே வேணும்?"

"போடலாம். மூணு இடம் இருக்கு. எதுன்னுதான் தெரியலே."

"சொல்லு."

"இந்த ஒரு பக்கத்திலே போட்டா, காலிக் கட்டத்திலே தானா ஒரு புள்ளி விழும்."

"புள்ளியா அப்பன்?"

வாசலில் நின்ற தாய் சிரித்துவிட்டாள்.

"சேமிக்கிற பட்டனுக்குப் பின்னாலே போட்டா, இவங்களை மட்டும் கேள்வி கேட்காம உள்ளே விட்டுடலாம். யாருக்கும் தெரியாது."

"கொல்லைப்புற வழி. மூணாவது?"

சீடன் குரலைத் தாழ்த்தினான்.

"தளத்தோட தலையிலே. அங்கே போட்டா எல்லாப் பக்கத்திலேயும் ஓடும். எல்லா ஊர் மையத்திலேயும் அந்தக் கட்டம் 'தாய் அல்லது தந்தை'ன்னு மாறிடும். மேலதிகாரி என் தலையை எடுத்துடுவார்."

குரு எழுந்தாள். தன் நாற்காலியைத் தாயிடம் நகர்த்தினாள்.

"நீ சொல்லு தாயி. எங்கே போடட்டும்?"

தாய் உட்காரவில்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"நான் வாசல் வழியாத்தாங்க வந்தேன்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

சீடன் தளத்தின் தலையிலேயே போட்டான்.

மறுநாளே மேலதிகாரி வந்து இறங்கினார்.

"யாரைக் கேட்டுய்யா கட்டத்தை மாத்தினே?"

சீடன் எழுந்து நின்றான்.

"யாரைக் கேட்டுங்க ஐயா அதை வச்சீங்க?"

மேலதிகாரி குருவைப் பார்த்தார். குரு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அவர் வாயைத் திறந்து என்ன சொன்னார் என்றால், அந்தக் கட்டத்தை…

"மா. நிலவரசி! யாரும்மா நிலவரசிக்கு அம்மா? மாரிக்கொழுந்து, பிள்ளையைத் தூக்கிட்டு வா!"