கூப்பிடு தூரம்

கேளுங்கள். வெகு காலத்துக்கு முன்னே இரண்டு அரசர்கள் எல்லைக்கல் நட்டார்கள். இருவருமே வேண்டாமென்று விட்ட கரம்பில் பதினொரு வீடுகள் இருந்தன. அந்த ஊருக்குப் பெயர் இல்லை, தலைவர் இல்லை, எந்த அரசரின் ஓலையிலும் இடம் இல்லை. ஒரு குளம் மட்டும் இருந்தது.

ஒரு கோடையில் கிழக்கு அரசருக்குப் பூந்தோட்டத்துக்காக அந்தக் குளம் தேவைப்பட்டது. அமைச்சர் மருதவாணரை அனுப்பினார்.

"எல்லை இல்லாத இடம் ஊர் ஆகாது. ஊர் இல்லையென்றால் குளம் அரசருக்கு" என்றார் அமைச்சர்.

களைக்கொட்டும் கையுமாக வந்திருந்த செம்பாயி முன்னே வந்தாள். "எல்லை உண்டுங்க ஐயா. கூப்பிட்டால் ஆள் வருகிற தூரம்வரைக்கும் எங்கள் ஊர்தான்."

அமைச்சர் சிரித்தார். 'பொய்க்குரலுக்கு இரண்டு முறை ஏமாந்தவர்கள் மூன்றாம் முறை வரமாட்டார்கள். குளம் நமக்குத்தான்' என்று மனத்துக்குள் கணக்குப் போட்டார்.

முதல் நாள் வடக்கே பனைமரத்தடியில் நின்று, "பாம்பு! பாம்பு!" என்று அலறினார். பதினொரு வீட்டாரும் தடியோடு ஓடிவந்தார்கள். பாம்பு இல்லை. அமைச்சர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் தெற்கே புதர் மறைவிலிருந்து, "தீ! தீ!" என்றார். அந்தக் கோடையிலும் குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. தீ இல்லை.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் மேற்கே பாறைமேல் உட்கார்ந்து, "விழுந்துவிட்டேன்!" என்று கத்தினார். பிறகு காத்திருந்தார்.

முதலில் செம்பாயி வந்தாள், கயிற்றோடு. பின்னால் அவள் கணவன், தலையில் கட்டிலோடு. "இன்றைக்கும் இந்த ஆள் நல்லாத்தான் இருப்பார் பார். சோறு குழைந்ததுதான் மிச்சம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான். அவனுக்குப் பின்னால் ஊரே வந்தது.

அமைச்சர் எழுந்து நின்றார். "பொய்யென்று தெரிந்துமா வந்தீர்கள்?"

"முன்பு பன்னிரண்டு வீடு இருந்ததுங்க ஐயா" என்றாள் செம்பாயி. "ஒருமுறை பொய்க்குரல் என்று சும்மா இருந்துவிட்டோம்."

அமைச்சர் பாறையைவிட்டு இறங்கினார். தாம் கூவிய மூன்று இடங்களிலும் கல் நடச்சொன்னார்.

"கிழக்கே?" என்றான் கட்டில் சுமந்தவன்.

"கிழக்கே எங்கள் அரசர் இருக்கிறார். அவரும் ஒருநாள் கூப்பிடலாம். அங்கே கல் வேண்டாம்."

அந்த வருடம் அரசரின் மல்லிகை வாடியது. குளம் குளமாகவே இருந்தது.

கல் நட்டு ஊர் ஆவதில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிறவர்களால்தான் ஊர் ஆகிறது.